மருமகனுக்கு மடல்: பழைய பாணி ரிவால்வரும் அதை வைத்திருப்போரின் கடமையும்

திருமானூர்

அன்புள்ள மருமகனுக்கு,

பழைய பாணிக் கைத்துப்பாக்கி என்று ஆர்வலர்கள் குறிப்பிடுவது, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலோ அதற்குச் சற்று முன்னரோ வடிவம் பெற்று, எஃகு உடலும் மரக் கைப்பிடியும் கொண்டு, மின்னணு உறுப்பு எதுவுமின்றிச் சுருள்வில்லின் விசையாலேயே இயங்கும் சிறு ஆயுதத்தை ஆகும். அதில் இரு குடும்பங்கள் உண்டு. தோட்டாக்கள் நிறைந்த உருளை, ஒவ்வொரு முறை சுடும்போதும் ஓர் அறை வீதம் சுழன்று குழலுக்கு நேராக வந்து நிற்பது ரிவால்வர். கைப்பிடிக்குள் செருகிய மேகசினிலிருந்து தோட்டாக்கள் ஒவ்வொன்றாக மேலேற, சுடும்போது எழும் விசையே வெற்று உறையை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றுவது பிஸ்டல். மருமகனின் மனத்தைக் கவர்ந்திருப்பது முதல் வகை என்பதும், அதைக் குறைந்த விலையில் வாங்கித் தன் விருப்பம்போல் மாற்றி அமைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவருக்கு இருப்பதும் அவரது கடிதத்தால் தெரிய வந்தமையால், அவ்விருப்பத்தில் எது கைகூடும், எது கைகூடாது, எதை வேறொரு வழியில் இன்னும் நன்றாக அடையலாம் என்பதை இம்மடல் விரித்துரைக்கிறது.

உரிமம் பெற்ற இந்தியக் குடிமகன் புதிதாக வாங்கக்கூடிய பழைய பாணி ரிவால்வருக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு, கான்பூரிலுள்ள அரசுத் தொழிற்சாலையில் நெடுங்காலமாகச் செய்யப்பட்டுவரும் .32 ரிவால்வர் ஆகும். இங்கு .32 என்பது குழலின் உள்விட்டத்தை அங்குலத்தின் நூற்றிலொரு பங்குகளில் ஏறத்தாழக் குறிக்கும் எண். பிர்மிங்காம் நகரத்து வெப்லி அண்டு ஸ்காட் நிறுவனம் பிரிட்டிஷ் படைக்குச் செய்து கொடுத்த .38 மார்க் 4 ரிவால்வரின் வடிவத்தைத் தழுவியே இது உருவாயிற்று. அதனால் குழலும் உருளையும் ஒரு கீலின்மேல் முன்னோக்கி மடிந்து திறக்கும் அந்தப் பழைய அமைப்பு இதிலும் அப்படியே காணப்படுகிறது. திறந்தவுடன் ஆறு வெற்று உறைகளையும் ஒருசேர மேலே தூக்கிக் காட்டும் நட்சத்திர வடிவத் தள்ளியும் அதே வழிவந்ததுதான். குழல் 3 அங்குல நீளம், மொத்த எடை ஏறத்தாழ 700 கிராம், தோட்டாவோ 1896ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் தோன்றிய .32 ஸ்மித் அண்டு வெஸ்ஸன் லாங் என்னும் மென்மையான வகை. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய பொறியியலை இன்றும் புதிதாகச் செய்து விற்பது உலகில் அரிது என்பதால், மருமகனின் ரசனையில் பிழை சொல்ல ஏதுமில்லை.

இக்குடும்பத்தில் பின்னர் வேறு வடிவங்களும் சேர்ந்தன. 2014இல் கான்பூர் பீரங்கித் தொழிற்சாலை, பெண்களைக் கருத்தில் கொண்டு, டைட்டானியக் கலவையால் ஆன 500 கிராம் எடையுள்ள ‘நிர்பீக்’ என்னும் .32 ரிவால்வரை 1,22,360 ரூபாய் விலையில் வெளியிட்டது. 2023 ஆகஸ்டில் வந்த ‘பிரபல்’ என்னும் ரிவால்வரில், துப்பாக்கியையே மடித்துத் திறக்கும் தேவையின்றி, உருளை மட்டும் பக்கவாட்டில் வெளியே திறக்கும் அமைப்பு அறிமுகமாயிற்று. இவற்றையெல்லாம் செய்துவந்த படைக்கலத் தொழிற்சாலைகள் வாரியம் 2021 அக்டோபர் 1 அன்று ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டு, சிறு ஆயுதங்கள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்விப்மெண்ட் இந்தியா நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. திருமானூரிலிருந்து காலையில் புறப்பட்டு மாலைக்குள் போய்வரக்கூடிய திருச்சிராப்பள்ளியில் 1966இல் தொடங்கப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலையும் இன்று அதே நிறுவனத்தைச் சேர்ந்ததே. வெப்லி நிறுவனமும் உத்தரப் பிரதேசத்து ஹர்தோய் மாவட்டத்தில் ஓர் இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து, 2020இல் தன் பெயரிலேயே ரிவால்வர் செய்யும் ஏற்பாட்டில் இறங்கியது.

விலையைப் பொறுத்தவரை ‘மலிவு’ என்னும் சொல்லை இந்நாட்டில் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். தனியாள் வெளிநாட்டிலிருந்து கைத்துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களின் நடுப்பகுதியிலிருந்து, தேர்ந்த விளையாட்டு வீரர் போன்ற சிலருக்கு அன்றி, தடுக்கப்பட்டிருப்பதால், அதற்கு முன் உள்ளே வந்த பழைய வால்தர், கோல்ட், பிரௌனிங், வெப்லி ஆகியவை கைமாறிக் கைமாறியே விற்பனைக்கு வருகின்றன. பிறந்த நாட்டில் சாதாரண விலைக்குக் கிடைப்பவை இங்கே பல லட்சங்களுக்கு ஏறிவிடுகின்றன. உள்நாட்டு ரிவால்வரே மலிவானது என்றாலும், ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் 28 விழுக்காடாக இருந்த சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாக உயர்ந்துள்ளது. ஆகவே விலைப்பட்டியலில் காணும் தொகையோடு வரி, பாதுகாப்புப் பெட்டகம், பயிற்சிக் கட்டணம், தோட்டாவின் விலை ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே ஒருவர் தம் வசதியை அளவிட வேண்டும்.

பணத்துக்கு முன்னால் நிற்பது சட்டம். லிட்டன் பிரபு ஆட்சியில் 1878இல் வந்த படைக்கலச் சட்டம் இந்தியரையும் ஐரோப்பியரையும் வேறுபடுத்தி நடத்தியது என்பதும், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது ஒரு பிரௌனிங் கைத்துப்பாக்கி என்பதும் தமிழ் இளைஞர் பலர் அறிந்த வரலாறே. ஆனால் இன்று நடப்பிலிருப்பது விடுதலை பெற்ற நாட்டின் நாடாளுமன்றம் இயற்றிய 1959ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்கீழ் வந்த 2016ஆம் ஆண்டு விதிகளும், 2019ஆம் ஆண்டுத் திருத்தமும் ஆகும். இவற்றை அந்நிய ஆட்சியின் மிச்சம் என்று தள்ளிவிடுவோர் இவற்றைப் படித்துப் பார்க்காதவர்களே. இச்சட்டப்படி 21 வயது நிறைவடைந்தவரே துப்பாக்கி உரிமம் பெறலாம். உரிமம் ஐந்தாண்டு செல்லும். ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்று வேண்டும். விண்ணப்பம் காவல் நிலையத்தின் விசாரணைக்குச் சென்று திரும்பி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முடிவாகிறது.

மருமகன் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இச்சட்டத்தின் 13ஆம் பிரிவில் இருக்கிறது. குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வரியிடப்படாத நீள்துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவரையும், பயிர்க்காவலுக்கு வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பவரையும் சட்டம் ஓரளவு இணக்கத்தோடு பார்க்கிறது. கைத்துப்பாக்கி கேட்பவரோ, தமக்கு அது தேவைப்படுவதற்கு ‘தக்க காரணம்’ உண்டு என்று அதிகாரியை நம்பச் செய்ய வேண்டும். அழகாக இருக்கிறது, பழமையின்மேல் பற்று, சேகரிப்பில் ஆசை என்பவை தக்க காரணம் ஆவதில்லை. உயிருக்கு அச்சம் இருந்தால் அதைக் காட்டும் சான்றுகள் வேண்டும். இல்லாத அச்சத்தை எழுதித் தருவது பொய்யுரை ஆகும், அது உரிமத்தையே ரத்துச் செய்யப் போதுமானது. விளையாட்டு வீரர் என்ற தகுதியோ, போட்டியில் சுட்டுப் பெற்ற புள்ளிகளால் வருவது. 2016 இறுதியில் நாடு முழுவதும் ஏறத்தாழ 33.7 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தபோது, உத்தரப் பிரதேசத்தில் மட்டும் ஏறத்தாழ 12.8 லட்சம் இருந்தன. தமிழ்நாட்டில் இருந்தவை ஏறத்தாழ 22,500 மட்டுமே. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இல்லாமலேயே அச்சமின்றி உறங்கக்கூடிய மாநிலம் இது என்பது தமிழருக்குப் பெருமையே. எனவே திருமானூரில் வயலும் கடையும் பார்த்துக்கொண்டு வாழும் ஓர் இளைஞருக்குத் தற்காப்பின் பெயரால் கைத்துப்பாக்கி தேவை என்ற வாதத்தை இம்மடல் ஏற்கவில்லை.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வெளியூர் முகவரோ விற்பனையாளரோ இதைச் சொல்ல மாட்டார். திருமானூர் ஒன்றியத்தின் கரைவெட்டி ஏரி, மேட்டூர் நீரைப் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே பெற்று, ஏறத்தாழ 454 எக்டர் பரப்பில் விரிந்து, வரித்தலை வாத்து முதலிய வலசைப் பறவைகளுக்கு இடமளிப்பதால் 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. ராம்சர் பட்டியல் என்பது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் குடியிருந்து ஆயுத உரிமம் வைத்திருப்போர் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. அவ்வெல்லைக்குள் புதிய ஆயுத உரிமம் எதுவும் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன்னிசைவு இல்லாமல் வழங்கப்படக் கூடாது என்றும் விதிக்கிறது. ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதற்கு அதே காப்பாளரின் எழுத்து வழி அனுமதி தேவை. ஆகையால் மருமகனின் வீடும் நிலமும் ஏரியின் எல்லையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதை வனத்துறையிடம் உறுதி செய்துகொள்வதே எந்த விண்ணப்பத்துக்கும் முதற்படி. இக்கட்டுப்பாட்டை ஒரு தொல்லையாகக் கருதாமல், மார்கழியில் அந்த ஏரிக்கு வந்திறங்கும் பறவைகளுக்குச் செய்யும் மரியாதையாகக் கொள்வது இம்மண்ணில் பிறந்தவருக்கு அழகு.

காட்டுப்பன்றியும் மயிலும் பயிரை அழிப்பதைக் காட்டித் துப்பாக்கியை நியாயப்படுத்துவோர் இப்பகுதியில் உண்டு. அவர்களின் இழப்பு உண்மையானது. எனினும் 3 அங்குலக் குழல் கொண்ட ரிவால்வர் பயிர்க்காவலுக்கு எவ்வகையிலும் உதவாது. மயிலைக் கொல்வதோ சட்டம் மிகக் கடுமையாகத் தண்டிக்கும் குற்றம்.

பழைய ஆயுதத்துக்கு உரிமமே வேண்டாம் என்ற நம்பிக்கை இளைஞர்களிடையே பரவியிருப்பதால், அதைச் சற்று நின்று ஆராய வேண்டியிருக்கிறது. சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த வடிவமோ தொல்பொருள் மதிப்போ உடைய ஆயுதத்துக்கும் பழுதுபட்ட ஆயுதத்துக்கும் விலக்கு அளிக்கிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது துப்பாக்கியாகப் பயன்பட முடியாததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அளிக்கிறது. தாத்தாவின் பரண்மேல் துருப்பிடித்துக் கிடக்கும் ரிவால்வர், ஒரு வில்லை மாற்றினால் மீண்டும் சுடும் என்றால், அது சட்டத்தின் கண்ணில் முழுத் துப்பாக்கியே. அதற்கு வாரிசு என்ற முறையில் உரிமம் கேட்கும் வழி விதிகளிலேயே உண்டு. அது கிடைக்கும் வரை ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்து வைக்க வேண்டும். உரிமமின்றிச் சாதாரணத் துப்பாக்கியை வைத்திருப்பதற்கே இன்று இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ஒற்றைத் தோட்டாவும் இக்கணக்கில் சேரும் என்பதை, பையின் மூலையில் மறந்துபோன தோட்டாவோடு விமான நிலையச் சோதனையில் நிற்க நேரும் பயணிகள் மிகத் தாமதமாகவே உணர்கிறார்கள்.

பழைய துப்பாக்கியைக் கைமாற்றி வாங்குவதிலும் முறை உண்டு. விற்பவர் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து வழி அறிவித்து, 45 நாள்கள் கழிந்த பின்னரே கைமாற்ற முடியும். வாங்குபவரிடம் உரிமம் முன்பே இருக்க வேண்டும். அப்போது விலையை விடக் கவனமாகப் பார்க்க வேண்டியது துப்பாக்கியின் வரிசை எண். ஒவ்வொரு துப்பாக்கியிலும் பொறிக்கப்பட்ட தயாரிப்பாளர் பெயர், வரிசை எண் முதலிய அடையாளங்களை அழிப்பதும் மாற்றுவதும் 8ஆம் பிரிவின்படி குற்றம் என்பதோடு, அழிந்த எண்ணுள்ள துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ அவரே அதை அழித்தவர் என்று சட்டம் அனுமானிக்கிறது. இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. பளபளப்பாகத் தேய்த்து நிக்கல் பூசிய பழைய ரிவால்வரைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

இனி, மருமகனின் ஆவல் முழுதும் குவிந்திருக்கும் மாற்றியமைத்தல் என்ற பொருளுக்கு வருவது தகும். துப்பாக்கி தொழிற்சாலையை விட்டு வெளியேறும் முன், இயல்பான தோட்டாவை விட மிகுந்த அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவால் சுடப்பட்டு, தாங்கி நின்றால் மட்டுமே முத்திரை பெறுகிறது. இதனை மெய்ப்புச் சோதனை என்பர். அம்முத்திரை, அந்தக் குழலும் அந்த உருளையும் அந்தச் சட்டகமும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் நிலைக்கு வழங்கப்பட்ட நற்சான்று. ரிவால்வரில் ஒவ்வோர் அறையும் குழலின் வாய்க்கு மயிரிழை பிசகாமல் நேராக நிற்க வேண்டும். சிறிது விலகினாலும் குண்டின் ஓரம் செதுக்கப்பட்டு ஈயத்துணுக்கு பக்கவாட்டில் தெறிக்கும். மடிந்து திறக்கும் வெப்லி அமைப்பில் அழுத்தம் முழுவதையும் தாங்குவது மேலேயுள்ள ஒரு கொக்கியும் கீழேயுள்ள ஒரு கீலுமே ஆதலால், அது மென்மையான தோட்டாவுக்கென்றே அளந்து செய்யப்பட்டது. விரலால் இழுக்கும் விசையை (டிரிகரை) இலகுவாக்கச் சுருள்வில்லைத் தளர்த்தினால், ஒன்று தோட்டா வெடிக்காமல் போகும், அல்லது எண்ணாத நேரத்தில் வெடித்துவிடும். இவ்வுண்மைகளை அறியாமல் பட்டறையில் கைவைப்பவர் தம் விரல்களையும் பக்கத்தில் நிற்பவரின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. துப்பாக்கியைச் செய்தல், மாற்றுதல், பழுது பார்த்தல், சோதித்தல் ஆகிய அனைத்துக்கும் 5ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. குழலைக் குறுக்குவதும், பொம்மைத் துப்பாக்கியையோ அலங்கார நகலையோ சுடத்தக்கதாக மாற்றுவதும் 6ஆம் பிரிவின்கீழ் வருகின்றன. இக்குற்றங்களுக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குறைந்தது ஏழாண்டு, மிகுந்தால் ஆயுள் சிறை என்று தண்டனை உயர்ந்துவிட்டது. .32 உருளையை .38ஆகக் குடைவது போன்ற வேலை இரட்டைக் கேடு. படையினரும் காவலரும் பயன்படுத்தும் .38, 9 மில்லிமீட்டர் போன்றவை குடிமகனுக்குத் தடை செய்யப்பட்ட அளவுகள் ஆதலால், அத்தகைய ஆயுதத்தை வைத்திருப்பதற்கே ஏழு முதல் பதினான்கு ஆண்டு வரை சிறை காத்திருக்கிறது. லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். அவரது திறமையை இந்த வேலைக்கு அழைப்பது அவரையும் சிறைக்கு அழைப்பதாகும்.

அப்படியானால் உரியவர் தம் கைவண்ணத்தைக் காட்ட எதுவுமே இல்லையா என்ற கேள்வி எழும். உண்டு, அது கைப்பிடி. சுடும் செயலோடு தொடர்பில்லாமல், சட்டகத்தின் இருபுறமும் திருகால் இறுக்கப்பட்ட இரு மரத்தகடுகளே கைப்பிடி என்பதால், அதை மாற்றுவது ஆயுதத்தின் இயல்பை மாற்றுவது ஆகாது. துப்பாக்கி ஒருவருடையது என்று உணரப்படுவதும் அங்கேதான்: உள்ளங்கையின் குழிவு, கட்டைவிரலின் சாய்வு, விசைக்கு எட்டும் சுட்டுவிரலின் நீளம் ஆகியவை ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், தொழிற்சாலைக் கைப்பிடி யாருக்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பக் கலை இன்றும் உயிரோடு இருக்கிறது. வாகையிலும் வேம்பிலும் தெய்வ உருவங்களையும் தேர்ச் சிற்பங்களையும் செதுக்கும் அக்கைகளுக்கு ஓர் உள்ளங்கையின் வடிவத்தை மரத்தில் கொண்டுவருவது கடினமன்று. ஆனால் ஆயுதத்தை உரிமமில்லாத தச்சரின் கையில் கொடுப்பது குற்றம் ஆதலால், கழற்றிய தகட்டை மட்டுமோ அதன் அளவுத் தாளை மட்டுமோ அவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். தகட்டின் திருகுத் துளையும் உட்புறப் பள்ளமும் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பதும், பழைய தகடுகளைத் தூக்கி எறியாமல் உறையிலிட்டு வைக்க வேண்டும் என்பதும் பின்னாளில் பயன்படும் குறிப்புகள். தேய்ந்த கருநீலப் பூச்சைப் புதுப்பிப்பது போன்ற வேலைகளைத் தயாரித்த தொழிற்சாலையிடமோ, பழுது பார்க்கும் உரிமம் பெற்ற கடையிடமோ விட்டுவிடுவதே முறை.

கைப்பிடியின் அருமை முழுமையாக விளங்குவது ரிவால்வரில் அன்று, ஏர் பிஸ்டலில். அழுத்திய காற்றின் விசையால் ஈயப் பெல்லட்டைச் செலுத்தும் இக்கருவிக்கு, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் (.177 அங்குலம்) ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத வரை, ஆயுத உரிமம் தேவைப்படுவதில்லை. ஜூல் என்பது ஆற்றலின் அலகு. இதன் விலை சில ஆயிரங்களில் தொடங்கி, பன்னாட்டுப் போட்டிக்குரிய கருவிகளில் லட்சத்தைத் தாண்டுகிறது. பழைய பாணி ரிவால்வரின் தோற்றத்தில் செய்யப்பட்டவையும் உண்டு. அவற்றையும் பொது இடத்தில் ஏந்தித் திரிவதோ படம் எடுத்துப் பரப்புவதோ பார்ப்பவருக்கு உண்மைத் துப்பாக்கியாகவே தோன்றும் என்பதால், அவற்றின் இடம் வீடும் பயிற்சிக் கூடமும் மட்டுமே. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியின் விதிகள் மாற்றியமைத்தலுக்கு அழகான எல்லை வகுத்திருக்கின்றன: கருவியின் எடை 1,500 கிராமுக்கு மிகக் கூடாது, விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும், முழுக் கருவியும் 420 மில்லிமீட்டர் நீளமும் 200 மில்லிமீட்டர் உயரமும் 50 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும், கைப்பிடியின் எப்பகுதியும் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. இந்த எல்லைக்குள் மரத்தைச் செதுக்கலாம், பசை வைத்து மேடு கட்டலாம், குறிமுள்ளின் அகலத்தை மாற்றலாம், எடைக்கட்டிகளை நகர்த்தலாம். மருமகன் தேடும் இன்பம் முழுவதும் இங்கே சட்டத்தின் அனுமதியோடு கிடைக்கிறது.

இலக்கின் நடுவிலுள்ள பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டரே. ஒரு கையால் மட்டும் ஏந்தி அறுபது முறை அதைக் குறிபார்ப்பவருக்குக் கைப்பிடியில் ஒரு மில்லிமீட்டர் மேடும் பள்ளமும் என்ன செய்யும் என்பது விரைவில் புரிந்துவிடும். டோக்கியோ ஒலிம்பிக்கில் துப்பாக்கி இடையில் பழுதானதால் தகுதிச் சுற்றைத் தாண்ட முடியாமல் போன மனு பாக்கர், 2024 ஜூலையில் பாரிஸில் இதே பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்று, சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்புப் பிரிவில் மற்றொரு வெண்கலமும் பெற்றார் என்பது, கருவியைப் பேணுவதும் மனத்தைப் பேணுவதும் எவ்வளவு நெருங்கியவை என்பதைக் காட்டும். திருமானூர்க்காரருக்கு இவ்விளையாட்டு தொலைவிலும் இல்லை. திருச்சி கே.கே. நகரிலுள்ள ரைபிள் கிளப்பில்தான் 2022 ஜூலையில் மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டி நடந்தது. நடிகர் அஜித்குமார் அதில் கலந்துகொண்டு பதக்கங்கள் வென்றதால் அவ்விடம் தமிழகமெங்கும் அறிமுகமாயிற்று.

கிளப்பில் முதல் நாளே கற்பிக்கப்படும் ஒழுக்கம் எந்தத் துப்பாக்கிக்கும் பொது. ஒவ்வொரு துப்பாக்கியையும் தோட்டா ஏற்றியதாகவே கருத வேண்டும். சுட விரும்பாத எதன்மேலும் குழலைத் திருப்பக் கூடாது. குறி அமையும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அறிந்தே சுட வேண்டும். திருவிழாவிலும் திருமணத்திலும் வானை நோக்கிச் சுடுவது, பிறர் உயிருக்கு இடையூறு தரும்போது, இரண்டாண்டுச் சிறைக்கோ ஒரு லட்சம் ரூபாய் அபராதத்துக்கோ இரண்டுக்குமோ உரிய தனிக் குற்றமாக 2019 முதல் ஆக்கப்பட்டிருக்கிறது.

பின்னொரு நாள் உண்மையான ரிவால்வர் வந்து சேருமானால், அதன் பராமரிப்பிலும் சில நுணுக்கங்கள் உண்டு. கொள்ளிடக் கரையின் ஈரக்காற்று எஃகுக்குப் பகை. அதிலும் தோலுறைக்குள் வைத்த துப்பாக்கி, தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்வதாலும் பதனிட்ட உப்புகள் அதில் தங்கியிருப்பதாலும், வெளியில் வைத்ததை விட விரைவாகத் துருப்பிடிக்கும். உறை எடுத்துச் செல்வதற்கு மட்டுமே. வைப்பதற்கு மெல்லிய எண்ணெய் பூசிய துணியும் சுவரோடு இறுக்கிய இரும்புப் பெட்டகமும் வேண்டும். தோட்டாக்கள் வேறு பூட்டில் இருக்க வேண்டும். சாவி எங்கே இருக்கிறது என்பது உரியவர் ஒருவருக்கே தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகள் ஓடி விளையாடும் வீட்டில் இதற்கு விலக்கே கிடையாது. மடிப்புக் கொக்கியில் தளர்ச்சியோ உருளையில் ஆட்டமோ தென்பட்டால் சுடுவதை உடனே நிறுத்த வேண்டும். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் ஆயுதங்களை ஒப்படைக்குமாறு வரும் ஆணையைத் தட்டாமல், காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது பெற்று, தேர்தல் முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்வது உரிமம் பெற்றவரின் வழக்கமான கடமை.

மேற்சொன்ன அனைத்தையும் எடைபோட்டு மாமன் வந்தடைந்த முடிவு தெளிவானது. மருமகன் இப்போது ரிவால்வருக்கு விண்ணப்பிக்க வேண்டாம். நான்கைந்து ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் எளிய ஏர் பிஸ்டலுக்கும் அவசரப்பட வேண்டாம். திருச்சி ரைபிள் கிளப்பில் சேர்ந்து, அங்குள்ள கருவிகளில் ஓராண்டு சுட்டு, தம் கைக்கு எது பொருந்தும் என்று அறிந்த பிறகே தமக்கென ஒன்றை வாங்கி, அதற்கு அரும்பாவூர் வாகையில் கைப்பிடி செய்துகொள்ளட்டும். போட்டிகளில் புள்ளி சேர்ந்து, விளையாட்டு வீரர் என்ற தகுதியோடு ஒரு நாள் .32 ரிவால்வருக்கு விண்ணப்பிக்கும் நிலை வந்தால், கரைவெட்டி எல்லை அளவு முதல் ஆட்சியர் அலுவலகம் வரை மாமன் உடன் வந்து நிற்பார். அதற்கிடையில் வீட்டுப் பரணில் பழைய துப்பாக்கியோ தோட்டாவோ ஏதேனும் கிடக்கிறதா என்று இந்த வாரமே பார்த்து, இருந்தால் தொடாமல் கீழப்பழுவூர்ப் பக்கமோ திருமானூரிலோ உள்ள காவல் நிலையத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்று மருமகனிடம் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

அன்புடன்,
மாமன்